வாயில் ஒன்றுமில்லை, ஆனாலும் மெல்கிறார்

கேள்வி: டாக்டர், நாங்கள் கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் லைன் வீட்டில் (தொழிலாளர் குடியிருப்பில்) இருக்கிறோம். அம்மாவுக்கு 58 வயது. அப்பா போன பிறகு காதில் குரல் கேட்கிறது, வீட்டைச் சுற்றி ஆள் நிற்கிறது என்று சொல்லி ரொம்பக் கஷ்டப்பட்டார். 11 வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார், அந்தக் குரலும் பயமும் நின்றுவிட்டன, போன வருடம் வரை கொழுந்து பறிக்கவும் போனார். ஆனால் ஒன்றரை வருடமாக வாய் சும்மாவே மென்றுகொண்டு இருக்கிறது, நாக்கு வெளியே வந்து வந்து போகிறது. மாத்திரை வாங்கப் போகும்போது சொன்னால் "அதையே தொடருங்கள்" என்கிறார்கள். லைனில் சிலர் சிரிக்கிறார்கள், நோய் முற்றிவிட்டது என்கிறார்கள். அண்ணன் மாத்திரையை நிறுத்து என்று சண்டை போடுகிறான். அம்மா ஒரு வருடமாக வெற்றிலை போடப் பழகியிருக்கிறார், அதற்கு முன் தொட்டதே இல்லை, அதனால்தான் இப்படியா? இது முழுதாகப் போய்விடுமா? தை மாதம் சித்தி மகள் கல்யாணம், கூட்டிப் போகலாமா என்றும் தெரியவில்லை. சீட்டையும் மாத்திரை அட்டைகளையும் (ஒன்று கேஸ் மாத்திரை, மெடிக்கல் ஷாப்பில் வாங்குவது, நாலு வருடமாகக் காலையில் வெறும் வயிற்றில்) போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
- பெயர் வேண்டாம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அண்ணனிடம் சொல்லுங்கள், இன்றைக்கு ராத்திரி மாத்திரையை நிறுத்த வேண்டாம். காரணத்தைக் கீழே எழுதுகிறேன், அதையும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். ஆனால் அவர் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அம்மாவின் வாய் அசைவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த மாத்திரைதான். நோய் முற்றியதால் வந்ததில்லை, காற்று கருப்பு எதுவும் இல்லை, வெற்றிலையும் காரணம் இல்லை. வெற்றிலையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்த வரி அதுதான்.

இதற்கு டார்டிவ் டிஸ்கைனீசியா என்று பெயர். வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், டாக்டரிடம் போகும்போது இந்தப் பெயரையே சொல்லிக் கேட்கலாம். தாமதமாக வரும் அசைவு என்று அர்த்தம். குரல் கேட்பது, வீண் சந்தேகம் போன்றவற்றுக்குக் கொடுக்கும் மருந்துகளை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சாப்பிட்ட பிறகு, நோய் நன்றாக அடங்கியிருக்கும் காலத்தில் மெதுவாகத் தலைகாட்டும். உதடு சப்புவது, தாடை பக்கவாட்டில் அரைப்பது, நாக்கு பாம்பு மாதிரி வந்து போவது, கண்ணைப் படபடவென்று கொட்டுவது, சிலருக்கு விரல்கள் வீணை வாசிப்பது போல அசைவது, சிலருக்கு இடுப்பே முன்னும் பின்னும் ஆடுவது. தூங்கும்போது நின்றுவிடும். பதற்றத்தில் கூடும், நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் இன்னும் கூடும். பாதிப் பேருக்குத் தன் வாய் அசைவது தனக்கே தெரியாது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. இந்த வகையில் முதல் மருந்தான குளோர்புரோமசின் 1952இல் பிரான்சில் பயன்பாட்டுக்கு வந்தது, 1957லேயே இப்படி வாய் அசைவதாக ஒருவர் எழுதிவிட்டார், 1964இல் பெயரும் வைத்துவிட்டார்கள். நீண்ட காலம் இந்த மருந்துகளைச் சாப்பிடுகிறவர்களில் நூற்றுக்கு 20, 25 பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது இருக்கிறது. பழைய தலைமுறை மருந்துகளில் அதிகம், புதியவற்றில் குறைவு, குறைவென்றால் இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை. பெண்களுக்கு, வயதானவர்களுக்கு, சர்க்கரை உள்ளவர்களுக்குக் கூடுதல் ஆபத்து. அறுபது ஆண்டுக்கு மேலாக டாக்டர்களுக்குத் தெரிந்த சங்கதி, ஆனால் மாத்திரை சாப்பிடுகிற வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஏன் என்று கேட்டால் என் சகாக்கள் சொல்வது ஒன்றுதான்: "சொன்னால் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்." எனக்கு இதில் உடன்பாடில்லை. சொல்லாமல் விட்டதால்தானே இப்போது உங்கள் அண்ணன் நிறுத்தச் சொல்கிறார்?

சரி, ஏன் வருகிறது? கோடையில் நம் மலையில் குழாய்த் தண்ணீர் குறைந்தால் என்ன நடக்கும்? வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டு உறிஞ்சுவார்கள் அல்லவா, மூளையிலும் கிட்டத்தட்ட அதே கதை. டோபமைன் என்ற இரசாயனம் சில இடங்களில் அளவுக்கு மீறி வேலை செய்வதால்தான் குரல் கேட்பது போன்றவை வருகின்றன, மருந்து அந்த வால்வை அடைக்கிறது, குரல் அடங்குகிறது. ஆனால் உடம்பின் அசைவை நடத்தும் பகுதிக்கும் இதே தண்ணீர்தான் போகிறது. அங்கே வருடக்கணக்கில் வரத்து குறைந்தால் அந்தச் செல்கள் கூடுதலாக மோட்டார் வைத்துக்கொள்கின்றன, பிறகு கொஞ்சம் டோபமைன் வந்தாலும் அத்தனையும் சேர்ந்து இழுக்கின்றன, வாய் தானாக ஆடுகிறது. இது முழு விளக்கம் இல்லை, ஆனால் உங்களுக்கு வேண்டிய இரண்டு விஷயம் இதில் புரிந்துவிடும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வால்வை ஒரேயடியாகத் திறந்த மாதிரி, மோட்டார்கள் அப்படியே இருக்க அசைவு இன்னும் கூடும், அதோடு பழைய குரலும் திரும்ப வரலாம். மாத்திரையைக் கூட்டினால் வால்வு இன்னும் இறுகி அசைவு கொஞ்ச நாள் மறையும், "பார்த்தீர்களா, சரியாகிவிட்டது" என்று எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், உள்ளே மோட்டார் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும்.

உங்கள் போட்டோவுக்கு வருகிறேன். சீட்டில் ஹாலோபெரிடால் இரண்டு வேளை, டிரைஹெக்ஸிஃபெனிடில் இரண்டு வேளை. ஹாலோபெரிடால் பழைய தலைமுறை. நல்ல மருந்துதான், மலிவு, எங்கும் கிடைக்கும், உங்கள் அம்மாவின் பயத்தை விரட்டியது அதுதான், அந்த நன்றியை மறக்க வேண்டாம். டிரைஹெக்ஸிஃபெனிடில் அதனால் வரும் விறைப்புக்கும் நடுக்கத்துக்கும் கொடுப்பது. விறைப்புக்கு உதவும், இந்த வாய் அசைவுக்கு உதவாது, சிலருக்குக் கூட்டவும் செய்யும், போதாததற்கு வாயை வறட்டிவிடும், மலச்சிக்கல் தரும், வயதானவர்களுக்கு ஞாபகத்தைக் குழப்பும். 11 வருடம் முன்பு யாரோ சேர்த்தது, அதற்குப் பிறகு எத்தனை டாக்டர்கள் மாறினார்களோ, அதே வரி அப்படியே கார்பன் காப்பி மாதிரி வந்திருக்கிறது.

ஆனால் நான் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தது மூன்றாவது அட்டையை. ஓரத்தில் பாதி தெரிகிறது. சீட்டில் இல்லாத மாத்திரை. "கேஸ் மாத்திரை, மெடிக்கல் ஷாப்பில் வாங்குவது, நாலு வருடமாகக் காலையில் வெறும் வயிற்றில்" என்று கடிதத்தில் போகிற போக்கில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் இரண்டு பெயர் இருக்கிறது. ஒன்று அமிலத்தைக் குறைப்பது, அது பரவாயில்லை. இன்னொன்று லெவோசல்பிரைடு. அதுவும் டோபமைனை அடைக்கும் மருந்து! ஆக நாலு வருடமாக அம்மாவுக்கு ஒரு வால்வை இரண்டு பேர் இறுக்கியிருக்கிறார்கள், அதில் ஒருவர் யாரென்று மனநல டாக்டருக்குத் தெரியவே தெரியாது.

இதை மனநல மாத்திரை சாப்பிடாதவர்களும் படிக்க வேண்டும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு இதே வேலை செய்யும், அமெரிக்காவில் 2009இல் அதன் அட்டையிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னார்கள், 12 வாரத்துக்கு மேல் சாப்பிடக்கூடாது என்று. தலைசுற்றலுக்கு வருடக்கணக்கில் சாப்பிடும் புரோகுளோர்பெரசின், சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் ஃப்ளூனரிசின், இவையும் நடுக்கம், விறைப்பு கொண்டுவரக்கூடியவை. ஒரு நாள் இரண்டு நாள் போட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. பழைய அட்டையைக் காட்டி மாதாமாதம் வாங்குவதுதான் வம்பு.

ஒன்றிரண்டு நாளிலும் ஆகும், அரிதாக. சில வருடம் முன்பு குந்தா பக்கத்திலிருந்து ஒரு பையனை ராத்திரி ஜீப்பில் கொண்டுவந்தார்கள், 19 வயது, கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு கண் இரண்டும் மேலே செருகியிருந்தது, நெற்றி நிறைய விபூதி, கையில் எலுமிச்சம்பழம். வழியில் ஒரு கோயிலில் நிறுத்தி மந்திரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். மனநோய் எதுவும் கிடையாது, முந்தின நாள் வாந்திக்கு ஊசி போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். புரோமெத்தசின் ஊசி ஒன்று போட்டோம், அரை மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டான். அவன் பாட்டி எலுமிச்சம்பழத்தைத்தான் நம்பினார், நானும் வாதாடவில்லை, ஆனால் அந்த மருந்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுத்து இனி எங்கே ஊசி போட்டாலும் இதைக் காட்டு என்று அனுப்பினேன்.

மருந்தால் வரும் அசைவுகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலருக்கு அசைவு கூடுவதற்குப் பதில் குறைந்துபோகும். முகத்தில் சிரிப்பே வராது, நடக்கும்போது கை வீசாது, எட்டு சின்னதாகும், கை நடுங்கும். தை மாதத்து உறைபனியில் நடுக்கத்தைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும், குளிர் என்று இன்னொரு ஸ்வெட்டர் போட்டுவிடுவார்கள். தேயிலைக் காட்டு இறக்கத்தில் கால் தடுக்கி விழ ஆரம்பித்த பிறகுதான் கொண்டுவருவார்கள்.

இன்னொன்று இருக்கிறது, அதில் நானே தப்பு செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சின்ன ஊர் மருத்துவமனையில், முப்பது வயதுக்காரர் ஒருவர். மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரம். மனைவி வந்து "ராத்திரி பூரா லைனைச் சுத்திச் சுத்தி நடக்குறாரு சார், ஒரு இடத்துல உக்கார மாட்டேங்குறாரு" என்றார். நோய் அடங்கவில்லை என்று நினைத்து மாத்திரையை இரண்டு மடங்காக்கினேன். பத்து நாளில் திரும்பி வந்தார், நின்ற இடத்தில் கால் மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே "உள்ளுக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, உக்காந்தா செத்துருவேன் போல" என்றார். பக்கத்தில் நின்ற நர்ஸ் அக்கா மெதுவாக, "மாத்திரை ஏத்துன பிறகுதானே சார் கூடியிருக்கு?" என்று கேட்டார். பாடப்புத்தகத்தில் அகதீசியா என்று மனப்பாடம் செய்திருந்தேன், எதிரே வந்து நின்றபோது தெரியவில்லை. நம் ஊரில் இருப்புக்கொள்ளாமல் தவிக்கிறான் என்று சொல்கிறோமே, அச்சு அசலாக அதுதான். மாத்திரையைக் குறைத்து புரொப்ரனலால் சேர்த்ததும் ஒரு வாரத்தில் உட்கார்ந்து பேசினார். இந்தத் தவிப்பு தாங்காமல் உயிரை விட்டவர்கள் உண்டு என்பதால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். மருந்து ஆரம்பித்த, கூட்டிய சில வாரங்களில் யாராவது இப்படி நடந்தால் பைத்தியம் கூடிவிட்டது என்று முடிவு கட்டாமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இந்த மருந்துகளைச் சாப்பிடுகிறவருக்குக் கடும் காய்ச்சல், உடம்பு கட்டை போல விறைப்பு, ஆள் அடையாளம் தெரியாத குழப்பம் மூன்றும் சேர்ந்து வந்தால் மட்டும் ஓபி நாளுக்குக் காத்திருக்கக் கூடாது, 108ஐக் கூப்பிட வேண்டும். அரிதானது, ஆனால் உயிர்ப் பிரச்சினை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. நம் மலையில் இந்த நோய் டாக்டர் கண்ணில் படாமல் போவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு, மஃப்ளர்! கொரோனாவுக்குப் பிறகு மாஸ்க்கும் சேர்ந்துகொண்டது. காது, மூக்கு, வாய் எல்லாம் சுற்றிக்கொண்டு வந்து உட்காருவார்கள், டாக்டருக்குத் தெரிவது இரண்டு கண். மூன்று நிமிடத்தில் "தூக்கம் வருதா, சாப்பிடுறாங்களா" என்று கேட்டு அதே மாத்திரையை எழுதி அனுப்பிவிடுவார். அடுத்த முறை போகும்போது அறைக்குள் நுழைந்ததுமே சால்வையையும் மாஸ்க்கையும் எடுத்துவிடச் சொல்லுங்கள், வாயில் வெற்றிலை இருக்கக் கூடாது.

அதற்கு முன்னால் வீட்டில் ஒரு சின்ன சோதனை. 1976இலிருந்து டாக்டர்கள் பயன்படுத்தும் அளவுகோல் ஒன்றிலிருந்து எடுத்துச் சொல்கிறேன், படிப்பு எதுவும் தேவையில்லை. அம்மாவை வெளிச்சம் விழுகிற பக்கமாக நாற்காலியில் உட்கார வையுங்கள், கைகள் முழங்கால் மேல். வாயைக் கொப்பளித்திருக்க வேண்டும். பல் வலி, ஆடுகிற பல், பொருந்தாத பல்செட் இருக்கிறதா என்று கேளுங்கள், அதனாலும் சிலர் வாயை அசைப்பார்கள். ஒரு நிமிடம் சும்மா பாருங்கள். வாயைத் திறந்து நாக்கை உள்ளேயே வைத்திருக்கச் சொல்லுங்கள், பிறகு நீட்டச் சொல்லுங்கள். அப்புறம் கட்டை விரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக வேகமாகத் தொடச் சொல்லுங்கள். இந்த இடத்தில் கையைப் பார்க்காமல் வாயைப் பாருங்கள், கவனம் விரலில் இருக்கும்போதுதான் வாய் தன் பாட்டுக்கு ஆட ஆரம்பிக்கும். கடைசியாக எழுந்து நாலு எட்டு நடந்து திரும்பட்டும். இதையெல்லாம் அம்மாவிடம் கேட்டுவிட்டு, அவர் சரி என்றால், போனில் இரண்டு நிமிட வீடியோ எடுங்கள். ஒளிந்து எடுக்காதீர்கள், ஏற்கெனவே நாலு பேர் பார்த்துச் சிரித்த வாய் அது.

வீடியோவோடு எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், கேஸ் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, மூட்டு வலித் தைலம் வரை. கேஸ் மாத்திரையைச் சொந்தமாக வாங்குவதை இத்தோடு விட்டுவிடலாம், அமிலத்துக்கு மட்டுமான மாத்திரை வேண்டுமா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்த நாள் வருகிறார் என்று விசாரித்துப் போங்கள், இல்லையென்றால் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, நரம்பியல் கருத்து தேவைப்பட்டால் கோவைக்கு எழுதிக்கொடுப்பார்கள். மறுபடியும் "அதையே தொடருங்கள்" என்று பதில் வந்தால் தயங்காமல் கேளுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் என்ன சிகிச்சை, அதன் பக்கவிளைவு என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமையை உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. இடையில் சந்தேகம் வந்தால் 14416க்குக் கூப்பிடலாம், டெலி மானஸ், தமிழிலேயே பேசுவார்கள். மருந்துப் பக்கவிளைவை அரசுக்குத் தெரிவிக்க 1800-180-3024 என்ற எண் இருக்கிறது, டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை, நீங்களே சொல்லலாம்.

அங்கே என்ன செய்யக்கூடும்? பெரும்பாலும் ஹாலோபெரிடாலை வாரக்கணக்கில் மெதுவாகக் குறைத்துக்கொண்டே குவெட்டியபின் போன்ற புதிய தலைமுறை மருந்து ஒன்றுக்கு மாற்றப் பார்ப்பார்கள். குளோசபின் இந்த அசைவுக்கு நல்லது, ஆனால் முதல் 18 வாரம் வாராவாரம் இரத்தப் பரிசோதனை வேண்டும், எஸ்டேட்டிலிருந்து கூலியை விட்டு பஸ் பிடித்து வாராவாரம் வர முடியுமா என்பதையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், அதை டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். டிரைஹெக்ஸிஃபெனிடிலையும் மெதுவாகக் குறைப்பார்கள். அசைவு தொந்தரவாக இருந்தால் டெட்ராபெனசின் சேர்க்கலாம், சிலருக்கு மனச்சோர்வு கொண்டுவரும், அதனால் அம்மா சாப்பாட்டில் ஆர்வமில்லாமல் ஒடுங்கிப் போனால் உடனே தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவில் இதே குடும்பத்தில் இரண்டு மருந்துகள் 2017இல் இந்த நோய்க்கென்றே அனுமதி வாங்கின. வைட்டமின் ஈ என்று யாராவது சொன்னால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

முழுதாகப் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிலருக்குப் போகிறது, பலருக்குக் குறைகிறது, சிலருக்கு அப்படியே நின்றுவிடுகிறது. மாதங்கள் ஆகும், சில சமயம் வருடங்கள். மருந்தைக் குறைக்கும் ஆரம்ப வாரங்களில் அசைவு கொஞ்சம் கூடித் தெரியும், அப்போது பயந்து பழைய மாத்திரைக்கு ஓடிவிடாதீர்கள். அசைவு கொஞ்சம் மிச்சமிருந்தாலும் குரல் கேட்காமல் நிம்மதியாகத் தூங்குகிற அம்மா வேண்டுமா, இல்லை வாய் அசையாத ஆனால் ராத்திரி முழுக்கப் பயந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அம்மா வேண்டுமா என்றால், நான் முதலாவதைத்தான் சொல்வேன். அம்மாவிடமும் கேளுங்கள், அவர் பதில் வேறாக இருக்கலாம்.

கடைசியாக வெற்றிலை. அம்மா இதுவரை வெற்றிலையே தொட்டதில்லை, ஒரு வருடமாகத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். வாய் அசைய ஆரம்பித்து ஆறு மாதம் கழித்து. எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், வாயில் வெற்றிலை இருந்தால் மெல்வதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது, எடை போடும் இடத்தில் யாரும் சிரிக்கமாட்டார்கள். தன் வாய் அசைவது அவருக்குத் தெரிந்திருக்கிறது, யாரிடமும் சொல்லாமல் அவராகவே கண்டுபிடித்த வழி அது. திட்டாதீர்கள். புகையிலையும் பாக்கும் மட்டும் வேண்டாம், வாய்ப்புற்று பயம் இருக்கிறது.

கல்யாணத்துக்குக் கட்டாயம் கூட்டிப் போங்கள். முந்தின நாளே சித்திக்குப் போன் போட்டு, "அம்மாவுக்கு மாத்திரையால வாய் கொஞ்சம் அசையும், கேக்குறவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று சொல்லிவிடுங்கள், சித்தி சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரிதானே. பந்தியில் மட்டும் அவசரப்படுத்தாமல் பக்கத்தில் உட்காருங்கள், நாக்கு ஒத்துழைக்காதபோது புரையேறும், பாயசத்தை நின்றுகொண்டு குடிக்க விடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டாக்டர்